ஏழாம் எண் தோல்

3 மார்ச் 2025, திங்கள்

மாசாயில் என் வீட்டிலிருந்து ஜேபி டவுனில் இருக்கும் லேபுக்கு மோட்டோ பைக்கில் முக்கால் மணி நேரம். பாதி நேரம் லாரிக்காரன்களைத் திட்டியே போய்விட்டது. மீதி நேரம் லோஷினியை.

இன்று அவள் வைரஸ் போட்டாள். என் மேசையில், நான் வளர்த்த செல்கள் மேல்.

கோபத்தில் எழுதினால் பிறகு எனக்கே புரியாது. ஒழுங்காக எழுதுகிறேன். மனிதத் தோலிலிருந்து எடுத்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பிக் கொண்டுபோகாமல், நேராக நியூரானாக மாற்றுவது. எங்கள் லேபில் பெரிய வேலை என்றால் அது ஒன்றுதான். சில ஜீன்களை வைரஸில் ஏற்றித் தோல் செல்லுக்குள் அனுப்ப வேண்டும். தான் தோல் என்பதையே அந்தச் செல் மறக்க வேண்டும். மறந்துவிட்டு, செத்தும் போகாமல், மூளையில் இருக்கிற செல்லைப் போல ஆக வேண்டும். சொல்வதற்கு நாலு வரி. நான் மூன்று வருடம் செய்தேன். ஒன்றுகூட ஆகவில்லை.

ஜனவரியில் எங்கள் லேப் தலைவர் டாக்டர் ரோலண்ட் இவளைச் சிங்கப்பூரிலிருந்து கூட்டிவந்தார். வயது இருபத்தெட்டு, அதற்குள் பெயருக்கு முன்னால் டாக்டர். முதல் நாளே அத்தனை பேர் முன்னிலையில், "ஆண்ட்டி, இன்குபேட்டர் எங்க இருக்கு?" என்றாள். நாற்பத்தாறு வயதுக்கு ஆண்ட்டியா? பத்தொன்பது வருடமாக இந்த லேபில் குப்பை கொட்டுகிறேன். கோட்டில் புஷ்பவள்ளி என்று தைத்திருக்கிறது. படிக்கத் தெரியாதா அந்த டாக்டருக்கு?

ஜூனில் நிரந்தரப் பதவி ஒன்று வருகிறது. மூத்த ஆராய்ச்சி அதிகாரி. எனக்கென்றுதான் வைத்திருந்தார்கள். இப்போது அவளா நானா என்று ஆகிவிட்டது. செல் வளரும் இந்த டிஷ்ஷில் நியூரான் வந்தால் அவளுக்கு. வராவிட்டால் எனக்கு.

வரக் கூடாது. எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

4 மார்ச்

"ஆண்ட்டி" — இன்று ஆறு தடவை.

7 மார்ச், வெள்ளி

கை பற்றி எரிகிறது. பத்தொன்பது வருடக் கையுறை, பத்தொன்பது வருட ஆல்கஹால். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மிளகாய் நறுக்கினால் கண்ணில் நீர் வருகிறது. கிளினிக்கில் கொடுத்த களிம்பு மூன்று டியூப் தீர்ந்தது, ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா பச்சை மஞ்சளை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஒரு போத்தலில் கொடுத்திருக்கிறார். "காலையில ஒருவாட்டி, படுக்கப் போறப்ப ஒருவாட்டி. ஒரு மாசம் விடாம போடு புஷ்பா, அப்புறம் வந்து சொல்லு" என்றார். இன்று காலையிலிருந்து போடுகிறேன், துடைத்துவிட்டால் மஞ்சள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூர்த்தி மோந்து பார்த்துவிட்டு, "மஞ்சள் தடவியாச்சு, உப்பு போட்டாச்சா? எண்ணெய் சட்டிய வைக்கவா?" என்றார். புருஷன் என்று ஒன்று.

லேபில் ஒரு நல்ல காரியம் நடந்தது. லோஷினி தோழி கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணியோடு வந்து நின்றாள். கதவிலேயே நிறுத்தினேன். செல் வளர்க்கும் அறையில் க்ரீம், மருதாணி, நகப்பூச்சு, வளையல் கூடாது. விதியை எழுதி, லேமினேட் பண்ணி, கதவில் ஒட்டியவள் நான்.

"இது காஞ்சிருச்சு ஆண்ட்டி, ஒட்டாது லா" என்றாள்.

"விதி விதிதான். கையக் காட்டு." அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வேண்டுமென்றே. "இது போற வரைக்கும் ஸ்டெயினிங் பக்கம் வராத. சாயம் போடறது எல்லாம் நான் பாத்துக்கறேன்."

முகம் சுருங்கியது. மனசுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது.

13 மார்ச், வியாழன்

பத்தாம் நாள். பாதி செல் செத்து மிதக்கிறது. நல்லது.

மீதியைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல். தோல் செல் தட்டையாக, அகலமாக, அடித்துப்போட்ட ரோத்தி சானாய் மாதிரி கிடக்கும். அந்த அகலம் போய்விட்டது. ஆனால் கிளையும் விடவில்லை. தோலுமில்லை, நியூரானுமில்லை. இந்த நடுக்கட்டத்தில்தான் என்னுடையவை எல்லாம் கவிழ்ந்தன. பாதி செத்தது. மீதி நீள நீளமாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தசை செல்லைப் போல ஆகிவிட்டது. நியூரான் ஆகச் சொன்னால் தசையாகிறது! மூன்று வருடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லோஷினி நான்காவதாக ஒரு ஜீன் சேர்த்திருக்கிறாள். அந்த ஜீன் செல்லுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. தசை ஆகாதே, தோலாகத் திரும்பாதே என்று மற்ற வழிகளை அடைப்பது மட்டும்தான் அதற்கு வேலை. அது வேண்டாம், மூன்றே போதும் என்று டாக்டர் ரோலண்டிடம் அன்றைக்கு வாதாடியவள் யார்? நான்தான். அவளுக்கு அது தெரியும். ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அதுவேறு ஆத்திரம்.

இன்னொன்று அவளுக்குத் தெரியாது. டிஷ்ஷில் "ஏழாம் எண் கொடையாளி" என்று எழுதியிருக்கிறதே, அது நான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு கொடையாளி கடைசி நேரத்தில் வராமல் போக, டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் கோட்டுக் கையை மடித்துக் காட்டினேன். இடது கையின் உள்பக்கம், ஒரு துவரம்பருப்பு அளவு. தன் செல்லைத் தானே கையாளக் கூடாது என்பதும் விதிதான். அதை நான் எழுதி ஒட்டவில்லை. டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

என் தோல் எனக்கு மசியாமல் அவளுக்கு மசியுமா?

24 மார்ச், திங்கள்

இருபத்தோராம் நாள். சாயம் போட்டேன். மருதாணி எப்போதோ போய்விட்டது, ஆனாலும் அவளை விடவில்லை. கையுறை, ஆல்கஹால் ஸ்ப்ரே, தேய், மறுபடி ஸ்ப்ரே. என்னைப் போலச் சுத்தமாக வேலை செய்கிறவள் இந்த லேபில் கிடையாது.

முதலில் நியூரானில் மட்டும் இருக்கிற ஒரு புரதத்தைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி. கழுவிவிட்டு, அதன் மேல் போய் ஒட்டுகிற இரண்டாவது ஆன்டிபாடி. இரண்டாவதுதான் பச்சையாக ஒளிரும். பச்சை தெரிந்தால் நியூரான். மூன்று வருடம், செல் ஒட்டி வளர்ந்த என் கண்ணாடித் துண்டுகளில் இருட்டைத்தான் பார்த்தேன்.

லோஷினி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். "அலமாக்" என்று வியந்தாள், மெல்ல. எண்ணினாள். நூற்றுக்கு முப்பத்தொன்று.

டாக்டர் ரோலண்ட் ஓடிவந்தார். அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாருக்கும் நாசி லெமாக் சாப்பாடு வரவழைத்தார். லோஷினி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "நீங்க ஸ்டெயின் பண்ணலன்னா இது தெரிஞ்சிருக்காது ஆண்ட்டி" என்றாள்.

நான் பசியாறிவிட்டேன் என்று சொன்னேன். பொய்.

26 மார்ச், புதன்

முப்பத்தொன்றா? எப்படி? பெரிய லேப்களிலேயே மனிதத் தோலில் இத்தனை எளிதாக வருவதில்லை.

எல்லாரும் போன பிறகு படங்களைத் திறந்து பார்த்தேன். கிளை விட்டவை ஒளிர்கின்றன, சரி. கிளையே இல்லாத தட்டைச் செல்களும் ஒளிர்கின்றன. ஒரு ஓரத்தில் வெறும் கண்ணாடியே ஒளிர்கிறது. தோல் செல்லைக் கொஞ்சம் வாட்டினால் சுருங்கி, வால் விட்டு, பார்வைக்கு நியூரான் மாதிரியே நிற்கும். இந்தத் துறையில் அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

பிறகுதான் கவனித்தேன். கன்ட்ரோல் இல்லை! முதல் ஆன்டிபாடியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போட்ட ஒரு கண்ணாடி கட்டாயம் இருக்க வேண்டும். அது இருட்டாக இருந்தால்தான் மற்றதன் பச்சையை நம்பலாம். அவள் திட்டத் தாளில் அது எழுதப்படவே இல்லை. அவசரக்குடுக்கை.

நான் கேட்டிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

31 மார்ச், திங்கள்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். ஜேபியே காலி. லேபில் நானும் காவல்காரரும்தான்.

கன்ட்ரோல் போட்டேன். அவள் தட்டிலிருந்து இரண்டு கண்ணாடி எடுத்து, முதல் ஆன்டிபாடி இல்லாமல். மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்தேன்.

ஒளிர்கிறது! பச்சைப் பசேல் என்று ஒளிர்கிறது. எதுவுமே ஒளிரக் கூடாத கண்ணாடியில் எல்லாம் ஒளிர்கிறது. அவளுடைய முப்பத்தொன்று வெறும் குப்பை.

சிரித்தேன். தனியாக, வாய்விட்டு. திரும்பும் வழியில் ஒரு லாரிக்காரனையும் திட்டவில்லை.

3 ஏப்ரல், வியாழன்

இன்று தலைநகர் கேஎல்லிலிருந்து நிதி கொடுப்பவர்கள் இருவர் வந்தார்கள். லோஷினி பட்டுப் புடவையில். படத்தைப் போட்டதும் அவர்களில் ஒருவர், கண்ணாடி போட்ட அம்மாள், "கன்ட்ரோல்?" என்றார்.

லோஷினி தடுமாறினாள். "அடுத்த ரவுண்ட்ல..."

"என்கிட்ட இருக்கு" என்று எழுந்தேன். மூன்று நாளாக இந்த நிமிஷத்தைத்தான் மனசில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. படத்தைத் திரையில் போட்டேன்.

லோஷினி திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எப்ப எடுத்தீங்க?"

"ராயா அன்னிக்கு."

"மூணு நாளா வச்சிருந்தீங்களா?"

கேஎல் அம்மாள் மூடியைப் பேனாவில் மாட்டினார், டக்கென்று.

சாயங்காலமே முடிவு. லோஷினிக்கு வேலை ஏப்ரல் முப்பதோடு சரி. டாக்டர் ரோலண்ட் என் முகத்தைப் பார்க்காமல், "அந்தத் தட்டெல்லாம் ப்ளீச் ஊத்தித் தூக்கிப் போட்டுடுங்க புஷ்பா" என்றார்.

ஊற்றினேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். ஆறு குழித் தட்டு, இன்குபேட்டரின் கடைசி அடுக்கில், பின்னால். ஏனென்று கேட்டால் தெரியாது. என் தோல் இல்லையா? எனக்கே ஊற்ற மனம் வரவில்லை.

4 ஏப்ரல்

இன்று "ஆண்ட்டி" இல்லை. "மேடம்."

14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு. விடுப்பு போட்டிருந்தேன்.

துணி துவைக்கும் மெஷின் பின்னால் தண்ணீர் கசிந்தது. அடுப்படிக்குப் பின்னால் வெளிச்சமே வராத மூலை. எங்கே கசிகிறது என்று பார்க்க மூர்த்தி தன் ஃபேக்டரி டார்ச்சை எடுத்துவந்தார். ஊதா வெளிச்சம் அடிக்கிறது. குழாயில் சாயம் கலந்து விட்டு, கசிகிற இடம் ஒளிர்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்களாம். நான் குழாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் டார்ச்சை அடித்தார்.

"யம்மாடி! புஷ்பா, உன் கையப் பாரு!"

என் கை. இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் பச்சையும் மஞ்சளுமாக எரிகிறது. குழாயில் என் விரல் தடம். மெஷின் மூடியில் என் விரல் தடம். மூர்த்திக்கு ஒரே சிரிப்பு. சுவிட்சில் அடித்தார், அடுப்படிக் கதவில் அடித்தார், எண்ணெய்ப் போத்தலில் அடித்தார். "வீட்டுல ஒரு இடம் விடல போ. செல்லம் அக்கா மஞ்சள் சும்மா இல்ல."

நான் டார்ச்சைப் பிடுங்கி என் கை மேல் மறுபடி அடித்தேன்.

மஞ்சள். ஐயோ, மஞ்சள் ஒளிருமே! நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் என்று படித்திருக்கிறேனே! எண்ணெயில் கரையும். ஆல்கஹாலிலும் கரையும். காலையில் தடவுகிறேன். கையுறையை மாட்டும்போது இந்த விரலால்தான் வெளிப்பக்கத்தைப் பிடித்து இழுக்கிறேன். பிறகு ஆல்கஹால் அடித்துத் தேய்க்கிறேன், மறுபடி அடித்துத் தேய்க்கிறேன் — சுத்தமாம் சுத்தம்! — தேய்க்கத் தேய்க்க அது கையுறை முழுக்கப் பரவியிருக்கும். அந்தக் கையோடுதான் இடுக்கியைப் பிடித்தேன். கண்ணாடியைப் பிடித்தேன். கழுவும் நீர்ப் போத்தலைத் திறந்தேன்.

இந்த நோட்டிலும் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மார்ச் ஏழிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் என் விரல் இருக்கிறது. அதற்கு முன் பக்கங்களில் இல்லை.

15 ஏப்ரல், செவ்வாய்

டார்ச்சைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். ஆறே முக்காலுக்கே. விளக்குப் போடவில்லை.

கையுறைப் பெட்டி — ஆமாம். ஸ்ப்ரே போத்தல் — ஆமாம். இடுக்கி — ஆமாம். ஆன்டிபாடி வைக்கும் ஃப்ரிட்ஜின் பிடி — ஆமாம். கதவில் நான் லேமினேட் பண்ணி ஒட்டிய விதி. க்ரீம் கூடாது, மருதாணி கூடாது. அதன் மேலேயே என் கட்டை விரல்.

மஞ்சள் கூடாது என்று எழுதவில்லையே என்று ஒரு நிமிஷம் எனக்குள் ஒருத்தி வாதாடினாள். கேடுகெட்டவள்.

17 ஏப்ரல், வியாழன்

யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும்தான். பதிமூன்று நாளில் அவள் போய்விடுவாள். ஜூனில் பதவி எனக்கு.

அவள் கன்ட்ரோல் வைக்கவில்லை, அது அவள் தப்புதானே? வைத்திருந்தால் மார்ச்சிலேயே தெரிந்திருக்குமே? நானா வைக்காதே என்று சொன்னேன்?

இன்று லோஷினி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். புத்தகங்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினாள். என்னைத் தாண்டிப் போகும்போது உடம்பை ஒதுக்கிக்கொண்டு போனாள், அழுக்குத் துணியை ஒதுக்குகிற மாதிரி. கோபம் வந்தது. வர வேண்டிய கோபமா அது? வந்தது, அவ்வளவுதான்.

மஞ்சளும் இல்லை, மண்ணும் இல்லை இப்போது. மூன்று நாளாகக் கையைச் சோப்புப் போட்டுச் சோப்புப் போட்டுக் கழுவி, வெடிப்பெல்லாம் மறுபடி திறந்துகொண்டது.

22 ஏப்ரல், செவ்வாய்

டார்ச் அடித்தால் கை இருட்டாக இருந்தது. நேற்றே புதுக் கையுறைப் பெட்டி, புதுப் போத்தல்கள், புது இடுக்கி எடுத்துவைத்தேன். கடைசி அடுக்கில் ஒளித்து வைத்த தட்டை எடுத்தேன். ஐம்பதாம் நாள். இரண்டு குழிகளை மட்டும் சாயத்துக்கு எடுத்தேன். ஒன்று கன்ட்ரோல்.

எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டும் இருட்டாக இருக்க வேண்டும். மஞ்சள் என் தப்பு, ஆனால் நியூரானும் இல்லை, ஆக யாருக்கும் நஷ்டமில்லை. அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

கன்ட்ரோல் இருட்டு.

மற்றது — முதலில் இருட்டு என்றுதான் நினைத்தேன். நகர்த்தினேன். ஒன்று. உடம்பு சின்னதாக, அதிலிருந்து ஒரு நீளமான கிளை, பார்வைப் பரப்பைத் தாண்டிப் போகிறது. அதைத் தொடர்ந்து போனேன். இன்னொரு செல்லிடம் போய் முடிந்தது. அதுவும் ஒளிர்ந்தது. பக்கத்தில் கிடந்த தட்டைச் செல்கள் எதுவும் ஒளிரவில்லை.

மூன்று தடவை எண்ணினேன். நூற்றுக்கு ஆறு.

ஆறு போதும். ஆறு என்றால் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். நான் மூன்று வருடத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. என் கையிலிருந்து எடுத்த தோல், கிளை விட்டு நிற்கிறது. அவள் செய்தாள். நான் அதன் மேல் மஞ்சளைப் பூசி, அதையே சாட்சியாகக் காட்டி அவளை வெளியே அனுப்பியிருக்கிறேன்.

24 ஏப்ரல், வியாழன்

எங்கள் லேபிலேயே இருக்கிற பிரையனிடம் போனேன். மின்முனை ஊசி வைத்து ஒரு செல் மின்துடிப்பு விடுகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. தோல் செல் துடிக்காது. நியூரான் துடிக்கும். சாயம் பொய் சொல்லலாம், இது சொல்லாது.

நாலு செல்லில் ஒன்றும் இல்லை. ஐந்தாவதில் திரையில் கோடு துள்ளியது. துள்ளியது, துள்ளியது. ஏழு தடவை.

"வாவ் லா!" என்று கத்தினான் பிரையன். "யாரோட தட்டு இது?"

வாய் வரைக்கும் வந்தது, என்னுடையது என்று. தோல் என்னுடையது, இந்த மூன்று வாரம் செல்லுக்கு உணவாகிற மீடியம் நீரை மாற்றியவள் நான். பொய்கூட இல்லை.

"லோஷினியோடது" என்றேன்.

25 ஏப்ரல், வெள்ளி

டாக்டர் ரோலண்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேசை மேல் டார்ச், கையுறைப் பெட்டி, புதுப் படம், பிரையன் எடுத்த கோடு. அறை விளக்கை அணைத்துப் பெட்டியில் அடித்துக் காட்டினேன்.

அவர் பேசியது எல்லாம் எழுத முடியாது. "ஒரு வார்த்தை எங்கிட்ட முன்னாடி சொல்லியிருந்தா ரெண்டு பேரும் உக்காந்து பாத்திருப்போமே! உங்களுக்கு ரிசல்ட் வேணாம் புஷ்பா. உங்களுக்கு அந்தப் பிள்ளை மூஞ்சி வேணும், அது சுருங்கறதப் பாக்கணும்" என்றார். பத்தொன்பது வருடத்தில் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

அவர் சொன்னது உண்மைதான்; டார்ச்சை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

28 ஏப்ரல், திங்கள்

டாக்டர் அவளிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார். பேன்ட்ரியில் கோப்பி கலந்துகொண்டிருந்தாள். சொன்னேன். மஞ்சள், கையுறை, நூற்றுக்கு ஆறு வந்தது, ஒரு செல் ஏழு தடவை துடித்தது. நின்றபடியே, ஒரே மூச்சில்.

கரண்டியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"என் கைய திருப்பித் திருப்பிப் பாத்தீங்க" என்றாள். "மருதாணி இருக்குதான்னு. அந்த நேரத்துல உங்க கையில அது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கன்ட்ரோல் நான் வைக்கல. அது என் தப்பு, அத நான் யார் மேலயும் போட மாட்டேன். மிச்சம் உங்க தப்பு. மன்னிப்பு கேக்கறீங்களா?"

"ஆமா."

"கேட்டுக்கங்க. நான் இன்னும் குடுக்கல." கோப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திமிர் பிடித்தவள். ஆனால் என்ன தப்பாகச் சொன்னாள்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

20 மே

கேஎல்காரர்கள் இன்னும் ஒரு வருடத்துக்கு நிதி கொடுத்திருக்கிறார்கள். லோஷினி போகவில்லை.

16 ஜூன், திங்கள்

பதவி அவளுக்கு. அறிவிப்பில் எல்லாரும் வாழ்த்து எழுதினார்கள். நான் என் பெயரை மட்டும் எழுதினேன். மூர்த்தி, "போனா போவுது, வேலை இருக்கு இல்ல" என்றார். அவர் மீது எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன், டார்ச் அடித்தது ஒரு குற்றமா?

கதவில் புது விதி ஒட்டியிருக்கிறது, அவள் எழுதியது. உள்ளே போகும் ஒவ்வொருவரும் ஊதா வெளிச்சத்தில் கையைக் காட்ட வேண்டும். எல்லாருக்கும்தான் விதி. ஆனால் மற்றவர்களுக்குப் பிரையன் அடிக்கிறான். எனக்கு மட்டும் அவளே வந்து அடிக்கிறாள். தினமும். நான் இரண்டு கையையும் நீட்டித் திருப்பிக் காட்டுகிறேன். "உள்ள போங்க மேடம்." அவ்வளவுதான் பேச்சு.

என் லேமினேட் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவள் தன்னுடையதை அதற்குக் கீழே ஒட்டியிருக்கிறாள்.

7 ஜூலை, திங்கள்

ஏழாம் எண் செல்கள் கிழடாகிவிட்டன. பிரிய மாட்டேன் என்கின்றன. மற்ற கொடையாளிகளின் தோலில் அவளுக்கும் நூற்றுக்கு ஒன்றுதான் வருகிறது.

மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவை. "அந்த ஏழாம் நம்பர் டோனர் திரும்பத் தோல் குடுப்பாங்களான்னு கேக்கணும். டாக்டர் உங்களக் கேக்கச் சொன்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்கதான்."

"சம்மதிப்பாங்களா?"

எனக்கு என்ன தலையெழுத்து? என் பதவியைப் பிடித்தவளுக்கு என் தோலையும் உரித்துக் கொடுக்க வேண்டுமா? "கேட்டுப் பாக்கறேன்" என்றேன், வெடுக்கென்று.

11 ஜூலை, வெள்ளி

கிளினிக்கில் எடுத்தார்கள். இடது கை, பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே. மூன்று தையல். மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை, அந்தக் கத்துக்குட்டி டாக்டரைக் காது புளிக்கத் திட்டிவிட்டு வந்தேன்.

14 ஜூலை, திங்கள்

காலையில் கதவில் லோஷினி. டார்ச்சை அடித்தாள். கையை நீட்டினேன். வலது கை இருட்டு. இடது கையைத் திருப்பும்போது கோட்டுக் கை மேலே ஏறிவிட்டது. பிளாஸ்திரி தெரிந்தது.

வெளிச்சம் அங்கேயே நின்றது. அவள் இன்குபேட்டர் பக்கம் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வந்த புதுக் குப்பி அங்கேதான் இருக்கிறது, ஏழு என்று எழுதி. மறுபடி பிளாஸ்திரியைப் பார்த்தாள். டார்ச்சை அணைத்தாள்.

கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

"தையல் போட்டிருக்கா?" என்றாள்.

"மூணு."

"அப்ப இன்னிக்குத் தட்டெல்லாம் தூக்காதீங்க. மீடியம் நான் மாத்தறேன். நீங்க உக்காருங்க... அக்கா."

என் வேலையை என்னிடமிருந்து பிடுங்க இவள் யார்? பத்தொன்பது வருடத்தில் காய்ச்சலோடுகூட நான் ஒருத்தரைத் தொட விட்டதில்லை. சண்டைக்கு வாயைத் திறந்தேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாற்பத்தெட்டுத் தட்டும் அவள்தான் மாற்றினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டைச் சாய்க்கும்போது இன்னும் அவசரப்படுகிறாள். நாளைக்குச் சொல்ல வேண்டும்.